சுவரில் தாளாளர்

மீசைதான் நிற்கவில்லை. நெற்றி வந்துவிட்டது, மூக்குக்கண்ணாடி வந்துவிட்டது, காதுகள்கூட ஒருவழியாகச் சுவரில் ஒட்டிக்கொண்டன. தாளாளரின் மீசை நுனி மட்டும், மேலே சுருண்டு திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல், ஒரு பச்சை வாலை நீட்டி, கொஞ்சம் நடுங்கி, பிறகுதான் மனசு வந்து திரும்பியது. கொம்பையா மின்விசிறியை நிறுத்தி வைத்திருந்தான். அது ஓடினால் மேஜை அதிரும், மேஜை அதிர்ந்தால் படம் அதிரும். விசிறி இல்லாமலும் வண்ணார்பேட்டை பைபாஸில் பஸ் போகும்போதெல்லாம் தாளாளர் ஒரு தடவை தலையாட்டினார், எல்லாம் சரிதான் என்பதைப் போல. ஜன்னல் முழுக்கக் கறுப்புச் சார்ட் பேப்பர் ஒட்டியிருந்தது. ஓரத்தில் பசை விட்ட இடத்தில் கீற்றாக வெயில் விழுந்து, வெளியே மத்தியானம்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தது. முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டது. நாலு மணிக்குக் காலேஜ் பிள்ளைகள் வருவார்கள். அதற்குள் மீசையை நிறுத்த வேண்டும். நிறுத்தியபின் அதைக் கெடுக்க வேண்டும். இரண்டுக்கும் முன்னால் சென்டர் முதலாளி பாலகுரு அண்ணாச்சியிடம் போய் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சின்ன வார்த்தைதான். அண்ணாச்சி, இத மட்டும் குடுக்க வேண்டாம், இது நான் எனக்குன்னு செஞ்சது. அவ்வளவுதான். காலையில் பல் தேய்க்கும்போது வாய்க்குள் எவ்வளவு சுளுவாக வந்தது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபோதும் வந்தது. சென்டரின் படியேறும்போது பாதி வார்த்தை கீழ்ப்படியிலேயே நின்றுவிட்டது.

ஓடுவது ஒரே ஒரு புள்ளிதான். லேசரிலிருந்து ஒரு பச்சைப் புள்ளி கிளம்பி, சுண்டுவிரல் நகமளவு உள்ள ஒரு கண்ணாடித் துண்டில் பட்டு, அதிலிருந்து இன்னொரு துண்டில் பட்டுச் சுவருக்குப் போகிறது. முதல் துண்டு இடவலமாக ஆடும், இரண்டாவது மேலும் கீழுமாக. பழைய ஹார்ட் டிஸ்க்குகளுக்குள் ஊசி மாதிரி ஒரு கை இருக்குமே, அந்தக் கைகளில்தான் இரண்டையும் ஒட்டியிருந்தான். கம்ப்யூட்டர் சொல்கிற இடத்துக்கெல்லாம் அந்தக் கைகள் துடித்துத் துடித்துப் போய்வரும். புள்ளி படம் முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றி, பார்ப்பவன் கண் ஏமாந்து முடிப்பதற்குள் மறுபடி தொடங்கிய இடத்துக்கு வந்துவிட்டால், புள்ளி மறைந்து கோடு தெரியும், கோடு மறைந்து முகம் தெரியும். கொஞ்சம் பிந்தினாலும் முகம் மினுக்கத் தொடங்கிவிடும். ஒரு நிமிஷம் நின்றுவிட்டால் முகமே கிடையாது, சுவரில் ஒரு சுடுபுள்ளிதான். அந்தப் பயமும் அவனுக்கு எப்போதும் உண்டு. கை மாட்டிக்கொண்டு புள்ளி ஓரிடத்தில் நின்று, அந்த நேரம் பார்த்து யாராவது எட்டிப் பார்த்தால் கண் என்ன ஆகும். அதற்காகவே, கை ஆடாவிட்டால் லேசர் தானாக அணைந்துபோகிற மாதிரி ஒரு சின்ன சர்க்யூட் சேர்த்திருந்தான். யாரும் கேட்காத சர்க்யூட். படத்தில் தெரியவும் தெரியாது. அதற்கே ஒரு மாதம் பிடித்தது. பாலகுரு அண்ணாச்சி அதைப் பார்த்து, "இது என்னத்துக்குடே? மார்க்கு உண்டா இதுக்கு?" என்று கேட்டிருந்தார்.

சென்டரின் பெயர்ப்பலகையில் இறுதியாண்டு ப்ராஜெக்ட் வழிகாட்டி மையம் என்று இருக்கும். வழிகாட்டுவது என்றால் செய்து கொடுப்பது. சுற்றுவட்டாரத்துப் பொறியியல் கல்லூரிகளிலிருந்து நாலு நாலு பேராக வருவார்கள், தலைப்பைத் தேர்ந்தெடுப்பார்கள், போவார்கள். கடைசி வாரம் வந்து பொருளையும் பைண்டு போட்ட ரிப்போர்ட்டையும் வாங்கிக்கொண்டு, வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வரும் எக்ஸ்டர்னல் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டுப் படித்துக்கொண்டு போவார்கள். தண்ணீர்த்தொட்டி நிறைந்தால் கத்துகிற கருவி, குடித்துவிட்டு உட்கார்ந்தால் ஸ்டார்ட் ஆகாத பைக், கை அசைத்தால் நகரும் சக்கர நாற்காலி. கொம்பையா செய்தது எத்தனையோ. எதிலும் அவன் பெயர் இல்லை, இருக்கவும் முடியாது. அதில் அவனுக்கு வருத்தம் இருந்ததில்லை, அல்லது இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தான். சென்னையில் மேடைகளுக்கு ஒளியமைப்பு செய்கிற ஒரு கம்பெனிக்கு எழுதிப் போட்டு, அவர்களும் போன வாரம் கூப்பிட்டுப் பேசியபோதுதான் விஷயம் தொண்டையில் முள்ளாக மாட்டியது. "சர்டிபிகேட் எல்லாம் பிறகு பாத்துக்கலாம். நீங்களே செஞ்ச பொருள் ஏதாவது ஒண்ணு எடுத்துட்டு வாங்க. திங்கட்கிழமை." நீங்களே செஞ்ச பொருள். உலகத்தில் காட்டும்படியாக அப்படி ஒன்றுதான் இருந்தது. சாப்பாட்டு நேரத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் யாரும் கேட்காமல் அவனாகச் செய்தது. அப்போது சுவரில் தாளாளர் இல்லை. ராதாபுரம் பக்கம் நிற்கிற மாதிரி ஒரு காற்றாலை நின்றது. மூன்று இறக்கைகளும் நிதானமாகச் சுற்றும். முதன்முதலாக அது வாலில்லாமல், நடுக்கமில்லாமல் ஒரு முழுச்சுற்றுச் சுற்றிய அன்று அவன் கையிலிருந்த சோற்றுருண்டையை வாயில் போட மறந்து காய்ந்த கையோடு உட்கார்ந்திருந்தான். பின்னால் கதவு திறந்ததுகூடத் தெரியவில்லை. "ஏ, இத எப்பம்டே செஞ்சே?" அண்ணாச்சி. அப்போதே அணைத்திருக்க வேண்டும். காட்டாமல் இருந்திருக்க வேண்டும். சந்தோஷத்தில் இருந்தவன் என்ன செய்வான், "நல்லாருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டான்.

நல்லாயிருந்ததுதான் வினை. நேற்றுக் காலையில் அண்ணாச்சி டீயோடு வந்தார். அவனுக்கும் ஒரு டீ வாங்கி வந்திருந்தார், அதிலேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். "ஒரு பேட்ச் வந்து அழுதுட்டு நிக்காங்கடே. அவங்க ப்ராஜெக்ட் ஊத்திக்கிட்டு. திங்கக்கிழம காலேஜ்ல எக்ஸ்போ, அன்னைக்கே வைவா. உன் காத்தாடிய குடுத்துருவோம். காத்தாடிய மட்டும் எடுத்துட்டு அவங்க தாளாளர் மூஞ்சியப் போட்டுரு. அவரே நேர்ல வந்து பாப்பாரு. தன் மூஞ்சியவே செவத்துல பாத்துட்டு எவன்டே மார்க்கக் கொறைப்பான்?" அவருடைய நகைச்சுவைக்கு அவரே சிரித்தார். சிரிப்பு நல்ல சிரிப்பு, கெட்ட மனிதரில்லை. கொம்பையாவுக்கு டெங்கு வந்தபோது ஆஸ்பத்திரிக்கு இளநீரோடு வந்தவர். அதுதான் நாக்கை இன்னும் கட்டியது. "அண்ணாச்சி, அது..." "என்ன அது?" அது என்னுது. அது என்னுது. நாக்கின் நுனியில் வந்து நின்றது, மீசை நுனியில் புள்ளி நிற்கிற மாதிரி நடுங்கிவிட்டு, திரும்பி வேறெங்கோ போயிற்று. "அவருக்கு மீசை முறுக்கி இருக்குமே அண்ணாச்சி. மீசை கஷ்டம்" என்றான். அதைத்தான் சொன்னான். உலகத்தில் வேறு வார்த்தையே இல்லாததைப் போல. "நீ பாத்துக்கிடுவடே" என்று தோளில் தட்டிவிட்டு அண்ணாச்சி போய்விட்டார். நேற்று முழுக்கவும் ராத்திரி முழுக்கவும் அந்த மீசை கஷ்டம் அவன் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. படத்தை வீடியோ எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போனால் என்ன என்று ஒருதரம் தோன்றியது. சுவரில் பச்சையாக ஒரு படம். அதே மாதிரி வீடியோவை அந்தப் பிள்ளைகளும் போடுவார்கள், கீழே நாலு பெயர் இருக்கும், வாழ்த்துகள் இருக்கும். இன்னொன்று செய்துவிடலாமே என்று அண்ணாச்சி கேட்பார். செய்யலாம். திங்கட்கிழமைக்குள் முடியாது. கண்ணாடி ஒட்டின கை ஒரே சீராக ஆடுவதற்கே எத்தனை கை ஒடிந்தது என்று அவனுக்குத்தான் தெரியும்.

சரி, என்னுதுதானா? இந்தக் கேள்வி வேறு. ஹார்ட் டிஸ்க் சென்டர் மூட்டையில் கிடந்தது. லேசரும் சென்டருடையது, யாரோ வாங்கி வேண்டாமென்று விட்டுப்போனது. கண்ணாடித் துண்டுகள் கீழே ஜெராக்ஸ் கடையில் தூக்கிப்போட்ட மிஷினுக்குள்ளிருந்து எடுத்தவை. கேட்டுத்தான் எடுத்தான், ஆனாலும் கொடுத்தவர் அண்ணாச்சிக்கு வேண்டியவர், அண்ணாச்சி முகத்துக்காகக் கொடுத்தார். கரண்ட் அண்ணாச்சியுடையது. நாற்காலி, மேஜை, இந்தச் சுவர். எல்லாவற்றையும் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் மிஞ்சுவது என்ன? ஆட்டம் மட்டும். அந்தக் கைகள் எப்போது கிளம்ப வேண்டும், எப்போது நிதானிக்க வேண்டும் என்று தெரிந்த ஆட்டம். அது கண்ணுக்குத் தெரியாது, அதை எடுத்துக்கொண்டு ரயிலேற முடியாது. அம்மாவின் பீடித்தட்டு ஞாபகம் வந்தது. கட்டின பீடியைக் கம்பெனி ஆள் விரலால் உருட்டிப் பார்ப்பான், பிடிக்காததை ஒரு பக்கம் தள்ளுவான். தள்ளினதற்குக் கூலி கிடையாது. சரி, தள்ளினதையாவது திருப்பிக் கொடு என்று அம்மா ஒருமுறை கேட்டாள். "இலை யாரு குடுத்த இலை? தூள் யாரு குடுத்த தூள்?" என்றான். அம்மா தட்டை எடுத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து, "அவன் சொல்லுததும் ஞாயந்தானல" என்றாள். சின்ன வயசில் அதைக் கேட்டுக் கோபம் வந்தது. இப்போது அதே ஞாயம் அவனுக்குள்ளேயே உட்கார்ந்து, அண்ணாச்சி வாய் திறப்பதற்கு முன்னாலேயே அண்ணாச்சிக்காகப் பேசிக்கொண்டிருக்கிறது.

முதல் பட்டதாரி என்று சான்றிதழ் வாங்கப் போனபோதும் இப்படித்தான். குடும்பத்தில் வேறு யாரும் பட்டம் பெறவில்லை என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். உண்மைதான், அப்பா ஐந்தாவது, அம்மா அதுவும் இல்லை. ஆனால் அப்பாவின் சித்தப்பா ஒருவர் பம்பாய்க்குப் போனவர் இருந்தார், அவரைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஒருவேளை அவர் அங்கே படித்திருந்தால்? பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றான். "என்ன தம்பி, கையெழுத்துப் போடத் தெரியாதா? பொறவு என்ன பட்டதாரி?" என்றார் கிராம நிர்வாக அலுவலகத்தில் இருந்தவர். வரிசை முழுக்கச் சிரித்தது. போட்டான். அன்றிலிருந்து யாராவது பம்பாய் என்று சொன்னால் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுவான். உண்மையைச் சொல்லும்போதெல்லாம் பொய் சொன்னவனைப் போல உள்ளங்கை வேர்க்கிற உடம்பு எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. பொய் சொல்கிறவர்கள் எல்லோரும் காய்ந்த கையோடு இருக்கிறார்கள்.

மீசை நின்றுவிட்டது. நுனிக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே புள்ளியை மெதுவாக்கி, திரும்பும் இடத்தில் இன்னும் சில புள்ளிகளை நெருக்கமாக வைத்ததும் வால் உள்ளே போய்விட்டது. தாளாளர் முழுசாக, அப்பழுக்கில்லாமல், ஊரையே வாங்கிப்போட்டவரின் புன்னகையோடு சுவரில் நின்றார். ஒரு பஸ் போனது, அதற்கும் அவர் லேசாகத்தான் அசைந்தார். நன்றாக இருந்தது. நன்றாக இருக்கக் கூடாது, அதுதான் அடுத்த வேலை. சென்டரிலிருந்து போகிற எந்தப் பொருளும் பழுதில்லாமல் போகக் கூடாது என்பது அண்ணாச்சி வகுத்த விதி. பொருள் ரொம்பச் சுத்தமாக இருந்தால் எக்ஸ்டர்னலுக்குச் சந்தேகம் வரும். அதனால் ஒவ்வொன்றிலும் சின்னதாக ஒரு குறையை வேண்டுமென்றே விட்டுவைப்பார்கள். அது என்ன குறை, ஏன் வந்தது, எப்படிச் சரிசெய்யலாம் என்று பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுப்பார்கள். பிள்ளைகள் அதைச் சொல்வார்கள், பாடுபட்டிருக்கிறார்களே என்று எக்ஸ்டர்னல் மனசிளகி மார்க் போடுவார். அதற்கு அண்ணாச்சி வைத்த பெயர் திருஷ்டி. "அழகான புள்ளைக்குக் கன்னத்துல மை வைக்கோம்லா, அது மாதிரிடே. இதுக்கு என்ன திருஷ்டி வைப்ப?" என்று காலையில் கேட்டார். கேட்டவுடனே பதில் வந்தது, அதுதான் கொடுமை. "சாதாக் கண்ணாடி போட்டுருதேன் அண்ணாச்சி. கோடு எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியும்."

ரெண்டு ரெண்டாகத் தெரியும் என்பது அவனுக்குத் தெரிந்த விதம் வேறு. நாலாம் வருஷம் கூடப் படித்தவர்கள் எல்லாம் இதே மாதிரி சென்டர்களில் வாங்கியபோது, வாங்க மனசில்லாமல் அவன் தனியாக இதைத்தான் செய்தான். அப்போது ஜெராக்ஸ் மிஷின் கண்ணாடி பற்றித் தெரியாது. முகம் பார்க்கிற கைக்கண்ணாடியை வெட்டி ஒட்டினான். அதில் ரசம் பின்பக்கம் இருக்கிறது. வெளிச்சத்தில் கொஞ்சம் முன்பரப்பிலேயே திரும்பிவிடும், மிச்சம் உள்ளே போய் ரசத்தில் பட்டுத் திரும்பும். ஒரு கோட்டுக்குப் பக்கத்தில் மங்கலாக இன்னொரு கோடு, செத்தவன் பின்னால் வருகிற மாதிரி. எக்ஸ்டர்னல் கண்ணைக் கசக்கிக்கொண்டார். "என்னய்யா இது, உன் படம் ரெண்டாத் தெரியுதா, எனக்குத்தான் கண்ணுல கோளாறா?" எல்லோரும் சிரித்தார்கள், அவனுடைய ஆசிரியரும் சிரித்தார். காரணம் அவனுக்குத் தெரியும். சொல்ல வாய் திறப்பதற்குள் அவர் அடுத்த மேஜைக்குப் போய்விட்டார். அடுத்த மேஜையில் வாங்கிய பொருள் இருந்தது. இப்போது அதே பழுதை, வேண்டுமென்று, அளவாக, அவனே வைக்கப் போகிறான், அதற்கு முழு மார்க் கிடைக்கும். பிளேடால் பசையை நெகிழ்த்தி ஜெராக்ஸ் கண்ணாடித் துண்டுகளில் ஒன்றை எடுத்தான், முன்பக்கம் ரசமுள்ள துண்டு, விரல் பட்டால் கெட்டுவிடும். ஓரத்தைப் பிடித்து டிஷ்யூவில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டான். இதுவும் திருட்டோ என்று ஒரு கணம் கை நின்றது. பின்பு கைக்கண்ணாடித் துண்டை ஒட்டினான். அது கனம் கூடுதல். கை திணறியது, மீசை மறுபடி வால் நீட்டியது, காது கழன்று கழுத்துக்கு வந்தது. கெடுப்பதற்கும் பொறுமை வேண்டியிருந்தது. மறுபடி எல்லாப் புள்ளிகளையும் நிதானப்படுத்தி, பழுது பழுதாகவே தெரிந்தாலும் படம் குலையாமல் இருக்கும்படி செய்து முடித்தபோது தாளாளர் இரண்டு மீசையோடு சுவரில் நின்றார். கச்சிதமான பழுது. இவ்வளவு சுத்தமாக வேறு யாராலும் கெடுக்க முடியாது என்று நினைத்தான். நினைத்தபோது உள்ளுக்குள் எட்டிப் பார்த்த பெருமையைக் கண்டு அவனுக்கே குமட்டியது.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. இப்போது சொல்லிவிட வேண்டும், பிள்ளைகள் உள்ளே வருவதற்கு முன்னால், வாசலில் வைத்தே. எழுந்து போனான். முதலில் அண்ணாச்சிதான் வந்தார். "அண்ணாச்சி, திங்கக்கிழம எனக்கு..." என்றான். குரல் வந்துவிட்டது, வந்தே விட்டது. "லீவு வேணுமா? எடுத்துக்கடே, இதுல என்ன கேக்க? ராத்திரி பகலாப் பாத்திருக்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். கொடுத்துவிட்டார். கேட்க வந்ததைத் தவிர எல்லாவற்றையும் கொடுக்கிற மனிதர். அவருக்குப் பின்னால் நாலு பேரும் உள்ளே வந்து, இருட்டில் ஒருவர் காலை ஒருவர் மிதித்து, சுவரைப் பார்த்து ஒரேயடியாக ஓவென்று கத்தினார்கள். "ஏய், பெருசு அப்படியே இருக்காருல!" "ரெண்டு மீசைடா அவருக்கு, பீஸு ரெண்டு வாங்குதாருல்லா." போனை எடுத்தார்கள், தாளாளருக்குப் பக்கத்தில் நின்று கன்னத்தைக் காட்டினார்கள். எட்டிக் குனிந்து லேசருக்குள் பார்க்கப் போனவனைக் கொம்பையா பதறிப் பிடித்து இழுத்தான். அவன் இழுத்த வேகத்தைப் பார்த்து அதற்கும் சிரித்தார்கள்.

அண்ணாச்சி கீழே போனபின் கொம்பையா நாற்காலியைப் போட்டு எக்ஸ்டர்னலாக உட்கார்ந்தான். பொருளைக் கொடுக்கும் முன் இப்படி ஒருதரம் கேட்டுப் பழக்குவது சென்டரின் வழக்கம், அதில் அவனை மிஞ்ச ஆளில்லை என்று அண்ணாச்சியே சொல்வார். கோடு ஏன் இரண்டாகத் தெரிகிறது என்று கேட்டான். தலைவன் மாதிரி நின்ற நிகிலேஷ், சொல்லிக்கொடுத்ததை அட்சரம் பிசகாமல் சொன்னான், ரசம், முன்பரப்பு, பின்பரப்பு. "முன்பக்கம் ரசம் உள்ள கண்ணாடி போட்டா சரியாயிரும் சார். அது எங்க ஃபியூச்சர் வொர்க் சார், இனிமே செய்யப்போறது." அவர்களுடைய ஃபியூச்சர் வொர்க் கொம்பையாவின் சட்டைப் பையில் டிஷ்யூவுக்குள் இருந்தது. நல்லது என்றான். கடைசிக் கேள்விக்கு வந்தான், எல்லாப் பேட்சுக்கும் கேட்கிற கேள்வி, மார்க் போவது இங்கேதான். "இத யாரு செஞ்சது?" நிகிலேஷ் கண்ணிமைக்காமல், "நாங்கதான் சார். மூணு மாசமா ஹாஸ்டல் ரூம்லயே வச்சு செஞ்சோம்" என்றான். காய்ந்த கை. அடுத்தவனும் சொன்னான், அதற்கடுத்தவனும் சொன்னான். நாலாவதாக நின்ற முப்பிடாதி என்ற பெண் வாயைத் திறந்து மூடினாள். துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள். "நாங்க... நாங்கதான்..." என்று சொல்லிக் கொம்பையாவின் முகத்தைப் பார்த்தாள், அவனுடைய கையைப் பார்த்தாள், கையில் காய்ந்திருந்த பசையைப் பார்த்தாள். "அங்க நிக்கக் கூடாது" என்றான் கொம்பையா. "நின்னா மாட்டிக்கிடுவீங்க. மறுபடி சொல்லுங்க." மறுபடியும் அதே இடத்தில் நின்றாள். "ஏட்டி, ஒரு வார்த்தைல்லா, சொல்லித் தொலையேன்" என்றான் நிகிலேஷ். "வர மாட்டேங்கு. அண்ணே, நீங்களே ஒருக்க சொல்லிக் காட்டுங்களேன், அத அப்படியே பிடிச்சிக்கிடுதேன்."

நியாயமான கோரிக்கை. எழுந்தான். நிகிலேஷ் நாற்காலியில் உட்கார்ந்து, கால் மேல் கால் போட்டு, இல்லாத மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கட்டைக் குரலில் கேட்டான். "என்ன தம்பி, இத யாரு செஞ்சது?" கொம்பையா சுவரைப் பார்த்தான். பச்சைக் கோடுகள் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக நடுங்கின. திங்கட்கிழமை அந்தச் சென்னைக்காரரும் இதையேதான் கேட்பார், வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு. எத்தனை பேருக்கு இந்தப் பதிலைப் பழக்கியிருக்கிறான், எந்த இடத்தில் மூச்சு விட வேண்டும், எந்த இடத்தில் கண்ணைப் பார்க்க வேண்டும் எல்லாம் அவனுக்குத் தெரியும். உள்ளங்கை வேர்த்தது. "நான்தான் சார்," என்றான். எச்சிலை விழுங்கினான். "நான்தான் செஞ்சேன்." கடைசிச் சொல் தரையைப் பார்த்து விழுந்தது. ஒரு பஸ் போனது. பிறகு நாலு பேரும் சேர்ந்து சிரித்தார்கள், முப்பிடாதிகூட, பயம் விட்டுப்போய், வாயைப் பொத்திக்கொண்டு. "அய்யோ அண்ணே," என்றான் நிகிலேஷ், நாற்காலியில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்க சொல்லுத மாதிரி சொன்னா கடையில வாங்குனதுன்னு சின்னப்புள்ளகூட கண்டுபிடிச்சிரும்."

கொம்பையாவும் சிரித்தான். நெற்றி வேர்வையை முழங்கையால் துடைத்துக்கொண்டு முப்பிடாதியின் பக்கம் திரும்பினான். "பாத்தீங்கல்லா," என்றான், "இப்படிச் சொல்லக் கூடாது."